மேசை போட்டுக் கட்டற்ற மென்பொருளைப் பரப்புவதால் என்ன மிஞ்சுகிறது?

7 செப்டம்பர் 2025: வாசகர் ஒருவரின் கேள்வி

யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் பரப்ப ஆண்டுதோறும் கொண்டாடும் மென்பொருள் விடுதலை நாள் மறுபடியும் வருகிறது. நானும் மூன்று ஆண்டுகள் மேசைக்குப் பின்னால் நின்றவன். பேனர் கட்டினோம், லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர் கொடுத்தோம், குழந்தைகள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். அடுத்த ஆண்டும் அதே குழந்தைகள், அதே ஸ்டிக்கர். லினக்சுக்கு மாறியவர் ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள். இந்த நேரத்தை நிரல் எழுதவோ மொழிபெயர்க்கவோ செலவிட்டால் ஏதாவது மிஞ்சும். மேசை போடுவது வீண் வேலை.

8 செப்டம்பர், இரவு 10.40

மறுக்கிறேன். ஒருவரைக் காட்டச் சொன்னீர்கள், என்னையே காட்டுகிறேன். 2009-இல் கல்லூரி விழா ஒன்றில் மூலையில் கிடந்த ஒரு மேசையில் எனக்கு உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தகடு கிடைத்தது. அப்போது அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்கத் தபாலில் காசு வாங்காமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் (2011-இல் நிறுத்திவிட்டார்கள்). வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். மொழிப் பட்டியலில் "தமிழ்" என்று இருந்தது. தேர்ந்தெடுத்தேன். "கோப்பு", "தொகு", "உதவி" என்று திரை முழுக்கத் தமிழ். அதுவரை கணினி என்றால் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த இரவு நான் தூங்கவில்லை.

அந்த மேசைக்குப் பின்னால் நின்றவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் அன்றைக்கு "ஒருவரும் மாறவில்லை" என்று அலுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பார்.

9 செப்டம்பர், காலை

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். கோபத்தில் எழுதிவிட்டேன். என் கதை ஒன்றை வைத்து உங்கள் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நான் ஏற்கெனவே கணினி மீது ஆசை கொண்டவன், அந்தக் குறுந்தகடு இல்லாவிட்டால் வேறு வழியில் வந்திருப்பேன். நீங்கள் கேட்பது ஆசையில்லாத, வேலையுள்ள மனிதர்களைப் பற்றி.

9 செப்டம்பர், இரவு

கல்லூரிக் கருத்தரங்குகளாலாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். அதில் நான், மேசை வீண் என்ற முதல் நண்பரே, உங்கள் கட்சி. இருநூறு மாணவர்களை வருகைப் பதிவுக்காக உட்கார வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. நமக்குக் கிடைப்பது மதிய உணவுக்கு முந்தைய முப்பது நிமிடம். அதில் நாம் 1983-இல் குனு திட்டம் அறிவிக்கப்பட்டது, 1991-இல் லினக்ஸ் கருநிரல் வந்தது என்று வரலாறு நடத்துவோம், அதுவும் ஆங்கிலத்தில். கடைசி வரிசையில் கைப்பேசி வெளிச்சம். இப்படி ஒன்பது கல்லூரிகளில் பேசியிருக்கிறேன். பேச்சு முடிந்து மேடைக்குக் கீழே வந்து "அண்ணா, என் லேப்டாப் ரொம்ப மெதுவாக இருக்கிறது, இதில் ஓடுமா?" என்று கேட்ட நான்கைந்து பேர்தான் எனக்கு நினைவில் நிற்கிறார்கள்.

அந்த நான்கைந்து பேரோடு மேசையில் உட்கார்வதற்கு மேடைப் பேச்சு தேவையே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

14 செப்டம்பர்

"கட்டற்ற" என்ற சொல் பொருத்தமா என்று வாசகர்களிடையே விவாதம். இதில் எனக்குப் பல நாள் மனக்குறை உண்டு, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ஃப்ரீ (free) என்ற ஒரே சொல் விடுதலைக்கும் விலையின்மைக்கும் நிற்பதால் அவர்கள் நாற்பது ஆண்டாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழப்பத்துக்கும் ஒரு தீர்வாக 1998-இல் "திறந்த மூலம்" என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, கட்டற்றது வேறு, இலவசம் வேறு. ஆனால் நமக்கு வேறொரு கவலை இருக்கிறது. போன ஆண்டு மேசைக்கு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பேனரைப் படித்துவிட்டு, "கட்டற்ற என்றால் கட்டுப்பாடில்லாமல் திரிவது என்றல்லவா பொருள் வருகிறது தம்பி?" என்று கேட்டார். நான் உரிமம், நிபந்தனை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தளையறு என்று ஒரு சொல் உண்டே, அதை ஏன் விட்டீர்கள்?" என்றார். அந்தச் சொல்லும் நம்மிடையே புழங்கிய சொல்தான். தளை என்றால் விலங்கு, நல்ல சொல். ஆனால் மேசையில் நின்று அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

"இலவசம்" என்று சொன்னால் நம் ஊரில் அரசுத் திட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "எந்தக் கட்சி கொடுக்கிறது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 2011-க்குப் பிறகு அரசே அந்தச் சொல்லை விட்டு "விலையில்லா" என்று எழுதியது.

நான் இப்போது இந்தச் சொற்கள் எதையும் முதலில் சொல்வதில்லை. ஒரு இட்லிக் கடைக்காரர் மாவு அளவையும் சொல்லிக் கொடுத்து, நீங்களும் கடை போட்டுக்கொள்ளுங்கள், இன்னும் நன்றாக வந்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றால் எப்படி இருக்கும், அப்படி எழுதப்படும் மென்பொருள் என்கிறேன். புரிகிறது. காப்புரிமையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும், காப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது, அந்த உரிமையை வைத்துத்தான் இப்படி அனுமதி கொடுக்கிறார் என்று சொல்வேன்.

15 செப்டம்பர்

திருத்தம். மேலே கடைசி வரியில் நான் சொல்ல வந்தது பதிப்புரிமை. காப்புரிமை என்று எழுதிவிட்டேன். பதிப்புரிமை எழுத்துக்கும் நிரலுக்கும், காப்புரிமை கண்டுபிடிப்புக்கு. சுட்டிக்காட்டிய சேலம் நண்பருக்கு நன்றி. பேனரிலும் இதே பிழை இருக்கிறது என்று இன்று பார்த்தேன். நான்கு ஆண்டாகத் தொங்குகிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் மாற்றியாக வேண்டும்.

20 செப்டம்பர், இரவு 11.15

இன்று மென்பொருள் விடுதலை நாள். மாவட்ட நூலகத்தின் கீழ்த்தளக் கூடம், ஏழு மேசை, ஒன்பது தன்னார்வலர்கள், காலை பத்து முதல் மாலை ஐந்து. கை வலிக்கிறது, இருந்தாலும் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பென்குயின் படத்தைப் பார்த்து யாரும் வரவில்லை. இந்த முறை மூன்றாவது மேசையில் ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்பு ஒன்றை உண்மையாகவே வைத்திருந்தோம், சாலைப் பணி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒரு நாள் இரவல். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வந்தவர், கூம்பைப் பார்த்து நின்றார். "இது விஎல்சி ஆயிற்றே." ஆம், கூம்பு அந்த வீடியோ மென்பொருளின் சின்னம் என்றேன். 1996-இல் பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் விடுதி வலைப்பின்னலுக்காகத் தொடங்கியது, 2001-இல் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது என்றேன். "நான் பதினைந்து வருடமாக இதில்தான் படம் ஓட்டிப் பார்க்கிறேன். இதற்கு முதலாளி கிடையாதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் இருந்தார். வீடியோ வெட்டி ஒட்ட கேடிஎன்லைவ் காட்டினோம். "என் வேலைக்கு இது போதாது, ஆனால் என் பையனுக்குப் போதும்" என்றார். நேர்மையான பதில். அதன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் வந்தார். மூன்றே கேள்வி: வானவில் என்ற தமிழ் எழுத்துரு வருமா, கணக்கு எழுதும் டேலி வருமா, பிரிண்டர் ஓடுமா. எங்கள் தம்பி ஒருவன் அவரிடம் சுதந்திரம், நான்கு உரிமைகள் என்று தொடங்கினான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் குறுக்கே போய், டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை, மற்ற இரண்டையும் கடைக்கு வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். "அப்படியானால் வாருங்கள்" என்று முகவரி கொடுத்தார். இத்தனை ஆண்டில் ஒரு கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டது இதுவே முதல் முறை.

பத்து அங்குலத் திரையுள்ள பழைய குட்டி லேப்டாப்போடு ஒரு மாணவி வந்தாள். 32 பிட் செயலி. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் புதிய 13-ஆம் பதிப்பில் அதற்கு நிறுவி கிடையாது. போன மாதம்தான் வெளிவந்தது, நாங்கள் அதை மட்டும் பென் டிரைவில் போட்டு வைத்திருந்தோம். நல்லவேளையாக ஒருவரிடம் டெபியன் 12 இருந்தது. ஓடுகிறது. உலாவி திறக்க நேரமாகிறது, கட்டுரை தட்டச்சு செய்யப் போதும்.

மொத்தம் 11 கணினிகளில் நிறுவினோம்.

21 செப்டம்பர், ஞாயிறு, காலை 6.30

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுத மனம் வரவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், நிறுவ வேண்டாம், பார்த்தால் போதும் என்று சொல்லித்தான் தன் லேப்டாப்பைக் கொடுத்தார். பென் டிரைவிலிருந்தே லினக்சை இயக்கிக் காட்டினோம், மகிழ்ச்சியாகப் பார்த்தார். மறுபடி விண்டோசைத் திறந்தால் நீலத் திரை, 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கொடு என்று கேட்கிறது. வட்டு மறையாக்கம் (குறியீடு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டிருந்தது அவருக்கே தெரியாது. கணக்கைத் திறந்தது கணினி விற்ற கடைப் பையன், எந்த மின்னஞ்சல் என்று நினைவில்லை. காலாண்டுத் தேர்வு வினாத்தாள், பிள்ளைகளின் படங்கள், எல்லாம் உள்ளே.

அவர் எங்களைத் திட்டவில்லை. லேப்டாப்பைப் பைக்குள் வைத்து, "திங்கள்கிழமைக்குள் முடியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். இரவு முழுக்க அந்தக் குரல்தான்.

கேள்வி கேட்ட நண்பரே, மேசை வீண் என்றீர்கள். வீணாவதைவிட மோசமானது நடந்திருக்கிறது.

21 செப்டம்பர், பகல் 1.20

திறந்துவிட்டது.

காலையில் மதுரையிலிருந்து ஒருவர் சொன்ன வழி. பென் டிரைவிலிருந்து இயக்குவதற்காக எங்கள் ஆள் பாதுகாப்பான தொடக்க அமைப்பை (secure boot, சரிபார்த்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்) அணைத்திருந்தான். அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் வட்டு பூட்டிக்கொண்டது. ஆசிரியையின் வீட்டுக்குப் போய் அதை மறுபடி பழையபடி இயக்கியதும், குறியீடு எதுவும் கேட்காமல் விண்டோஸ் திறந்தது. வினாத்தாள் இருந்த கோப்புறையை அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அதன் பிறகுதான் எங்களுக்குக் காபி வந்தது. மீட்புக் குறியீட்டை அச்சடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

பிறகு உட்கார்ந்து யோசித்தால் அடிப்படையே எங்கள் பிழை. உபுண்டு, டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் (வகைகள்) எல்லாம் அந்தப் பாதுகாப்பு இயங்கும்போதே தொடங்கும். அணைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரே பென் டிரைவில் ஐந்தாறு வழங்கல்களைப் போட்டு வைக்கும் வசதிக்காக வென்டாய் பயன்படுத்துகிறோம். அதற்குத்தான் முதல் முறை ஒரு சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்குச் சோம்பிப்போய் அணைத்துவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை, அப்படிச் செய்யக் கற்றுக்கொடுத்தவன் நான்.

இனி மேசையில் ஒரு வழங்கலுக்கு ஒரு பென் டிரைவ். யாருடைய கணினியானாலும் வட்டு மறையாக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நகல் எடுத்துவராத கணினியில் நிறுவக் கூடாது. அவர் எவ்வளவு கெஞ்சினாலும்.

24 செப்டம்பர்

"மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள்?" எனக்குத் தெரிந்த வரை: சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்கு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடும் பழைய வழக்கம் உண்டு. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களை உட்கார வைத்துத் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கிறது. கணியம் என்ற இணைய இதழ் 2012-இலிருந்து தமிழில் எழுதி வெளியிடுகிறது. மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள், மறுபடி மறுபடி வருகிறார்கள். நாம் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை பேனர் கட்டுகிறோம்.

2023 செப்டம்பரில் கொச்சியில் டெபியன் மாநாடு நடந்தபோது போயிருந்தேன். உலகம் முழுக்க இருந்து வந்தவர்கள். யாரும் யாரையும் மாற்ற முயலவில்லை. இரவு ஒரு மணிக்கும் நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன், என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் படிக்கிறார்கள் என்பதும் அங்கே போனால் புரியும். நம்மூர்ப் பிள்ளையிடம் படங்களைத் திருத்தும் ஜிம்ப் என்றால் என்ன என்று விளக்க வேண்டும். அங்கே பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தொடங்கினார்கள்.

அதனால்தான் அந்த ஆசிரியையின் வீட்டில் நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. நாம் இழக்கவே கூடாத ஆள் அவர்.

2 அக்டோபர்

நேற்று ஆயுத பூஜை. ஜெராக்ஸ் கடைக்காரர் அன்றைக்குத்தான் கடை ஓய்வாக இருக்கும் என்று வரச் சொன்னார். மூன்று கணினிக்கும் சந்தனம், குங்குமம், விசைப்பலகை மேல் ஒரு முழம் கதம்பம். பூஜை முடிந்து பொரி சாப்பிட்ட பிறகு பூவை எடுத்துவிட்டு உட்கார்ந்தோம்.

பார்த்ததைச் சொல்கிறேன். முதல் கணினியில் டேலி. தொடவில்லை. இரண்டாவது கணினி தமிழ்த் தட்டச்சுக்கு. அதில் பத்து ஆண்டு மனுக்கள், கல்யாணப் பத்திரிகைகள், எல்லாம் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினியிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றலாம், ஆனால் மாற்றிய ஒவ்வொரு மனுவையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அதையும் தொடவில்லை. மூன்றாவது கணினி, 4 ஜிபி நினைவகம், தேர்வாணைய விண்ணப்பம், மின்கட்டணம் என்று உலாவி மட்டுமே ஓடும் கணினி. அதில் மின்ட் போட்டோம். கடையின் பழைய லேசர் பிரிண்டர் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியும் ஓடவில்லை. புதிய மைத்தொட்டி பிரிண்டர் இணைத்தவுடனே ஓடியது.

மூன்றில் ஒன்று. தோல்வி என்று தம்பி சொன்னான். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று யோசியுங்கள்.

கடையில் தட்டச்சு செய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார். தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர், வயது ஐம்பதுக்கு மேல். பூஜைக்குப் பட்டுப் புடவையில் வந்திருந்தார். மூன்றாவது கணினியில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தட்டச்சு விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். திரையைப் பார்க்கவே இல்லை, விரல்கள் ஓடின. நாங்கள் தமிழ்99 விசைப்பலகை பழகிய ஆட்கள், "கெ" என்று வேண்டுமானால் ககரம், பிறகு எகரம். அவர் விரல் கொம்பை முதலில் அடிக்கும், பிறகுதான் க. தட்டச்சுப் பொறியில் தாள் நகரும் வழக்கம் அது. சில விசைகளில் நின்றார். "இது இங்கே இருக்கக் கூடாதே" என்றார். எந்தெந்த விசை என்று கேட்டேன். "வேலை நேரத்தில் எழுதி வைக்கிறேன் தம்பி" என்றார்.

14 அக்டோபர்

இன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது. இதை வைத்து மக்களைப் பயமுறுத்தும் சுவரொட்டி வாசகங்களை இரண்டு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். வேண்டாம். "நாளை முதல் உங்கள் கணினி இயங்காது" என்பது பொய். இயங்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகும், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். பொய்யால் வந்தவர் முதல் சிக்கலிலேயே போய்விடுவார், நம்மைப் பற்றி நாலு பேரிடமும் சொல்வார்.

27 அக்டோபர்

தீபாவளி கழித்து நூலகரைப் பார்த்தோம். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை ஒரு மேசை, இரண்டு மின்செருகி. ஒப்புக்கொண்டார். பேனர் கிடையாது.

9 நவம்பர், மாலை

முதல் ஞாயிறு முடிந்தது. ஆறு பேர் வந்தார்கள்.

செப்டம்பர் 20-இல் நிறுவிய 11 பேரில் பத்துப் பேரிடம் போன வாரம் தொலைபேசியில் பேசினேன். ஏழு பேர் பயன்படுத்துகிறார்கள். இருவர் விண்டோசுக்குத் திரும்பிவிட்டார்கள், ஒருவருக்கு வைஃபை கிடைக்கவில்லை, யாரைக் கேட்பதென்று தெரியாமல் விட்டுவிட்டாராம். அவர் இன்று வந்தார், வைஃபைக்கான இயக்கியை (டிரைவர்) போட்டுக் கொடுத்தோம், பதினைந்து நிமிட வேலை. பதினைந்து நிமிட வேலைக்கு ஏழு வாரம் அந்தக் கணினி மூடிக் கிடந்திருக்கிறது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: மேசை போடும் நேரத்தில் மொழிபெயர்க்கலாமே என்றீர்கள். அந்த நாளில் நான் அதை முழுதாக மறுத்தேன். ஆண்டுக்கு ஒரு நாள் மேசையைப் பற்றி என்றால் நீங்கள் சொன்னது சரி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியை வரவில்லை. ஆனால் அவர் பள்ளியிலிருந்து இன்னொரு ஆசிரியர் வந்தார். "அவர்தான் அனுப்பினார். முதலில் குறியீட்டை அச்சடித்து எடுத்துப் போகச் சொன்னார்" என்று ஒரு தாளை நீட்டினார். 48 இலக்கம்.

பன்னிரண்டரை மணிக்கு ஜெராக்ஸ் கடை அம்மா வந்தார். ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் நீல மையில் ஒன்பது விசைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த எழுத்து வருகிறது, எந்த எழுத்து வர வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். அதைத் தட்டச்சு செய்து விசைப்பலகையைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். பிழையறிக்கையில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். "என் பெயரா? எதற்கு?" என்றார். கண்டுபிடித்தது நீங்கள்தானே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தாளை வாங்கி, அடியில் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இன்று இரவு அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.